மருமகள் என்று சொன்னால் விடுகிறோம்

முதுகு பிடித்துக்கொள்ளாமல் நோயாளியைத் தூக்குவது எப்படி, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போடுவது எப்படி என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதையே நானும் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது, போன் மேல் போன் வருகிறது, எதிரில் ஒரு அதிகாரி நிற்கிறார், அவருக்குப் பின்னால் நம் பெண்கள் நிற்கிறார்கள். அப்போது என்ன செய்வது? எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

என்னை அறியாதவர்களுக்கு: புதுச்சேரியில் படுக்கையில் விழுந்த பெரியவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையை முடி நரைக்கும்வரை செய்தவள். முதுகெலும்பு இனி முடியாது என்ற பிறகு நிறுத்தினேன். நம் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தபோது, வாய் பெரியது என்பதற்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஊர் நம்மை ஆயாம்மா என்கிறது, ஆள் அனுப்புகிறவர்கள் ஹோம் நர்ஸ் என்கிறார்கள், நோயாளியின் பிள்ளைகள் 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்கிறார்கள். இந்த மூன்றாவதைக் கேட்டால்தான் எனக்குப் பயம். ஏன் என்று சொல்கிறேன்.

நம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பழகியிருப்பீர்கள். முறை மாறும்போது, போகிறவள் நோயாளியின் கையை எடுத்து வருகிறவள் கையில் வைத்துவிட்டுத்தான் படி இறங்குவாள். கை கொடுப்பது என்போம். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. பேச்சு போனவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் ஆள் மாறியது தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்தக் கையை வாங்க ஆள் வராதவரை போகக் கூடாது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதை அப்போது நாங்கள் யோசித்ததே இல்லை.

கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிய வருஷம். பெரிய மார்க்கெட் பூட்டிக் கிடந்தது. விழுப்புரம் ரோட்டில் எல்லையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். நம் ஊர் எல்லை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு. அதுவரை யாரும் அதை எல்லையென்று நினைத்ததில்லை, சரக்கு வாங்க வருகிறவர்களைத் தவிர. நம் பெண்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். நடவும் களையும் போக மீதி நாளில் இந்த வேலைக்கு வந்து, பிறகு இதுவே பிழைப்பானவர்கள்.

செல்வியும் தனமும் அப்படி வந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து ஊர். மிஷன் வீதிப் பக்கம் தனியாக இருந்த ஒரு பெரியம்மாவை வாரம் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. ஒரே மகன், பாரீஸில் குடும்பத்தோடு.

தடுப்பு வைத்தபோது செல்வியின் முறை. தனம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். ஒரு வாரம் என்று வந்த செல்வி மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாள். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போகலாம், தடை இல்லை. போனால் திரும்ப முடியாது. ஊரில் அவள் மகளுக்கு நிறைமாதம். மருமகன் சென்னையில் அடைபட்டிருந்தான். அந்தப் பெண்ணுக்கு அம்மாவை விட்டால் ஆள் கிடையாது.

செல்வி தினமும் எனக்குப் போன் செய்வாள். முதலில் கேட்பாள், பிறகு அழுவாள், பிறகு திட்டுவாள். "சங்கம் சங்கம்னு சந்தா வாங்குனியேக்கா, ஒரு ஆள உள்ள கொண்டாற முடியல உன்னால" என்பாள். டவுனுக்குள் இருந்த நம் பெண்கள் எல்லோரும் அவரவர் நோயாளி வீட்டில் இதே மாதிரி அடைபட்டிருந்தார்கள். ஒருத்தியை நகர்த்தினால் அவள் இருந்த கட்டிலுக்கு ஆள் இல்லை.

இளசுகள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். உள்ளே இருக்கிற எல்லோரும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து உட்காரலாம், அப்போதுதான் அரசாங்கத்துக்குத் தெரியும் என்று. கோபம் நியாயமானது. நான் வேண்டாம் என்றேன். பஸ் நின்றால் ஊருக்குத் தெரியும். நாம் நின்றால் கட்டிலில் கிடக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். தாகம் எடுப்பது அதிகாரிக்கு அல்ல, அவருக்கு. அதனால் வெளியே மாட்டிக்கொண்ட பெண்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் தினமும் வந்து தள்ளித் தள்ளி உட்காரட்டும் என்று முடிவு செய்தோம். அவர்களும் வெயிலில் தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் செல்வி போன் செய்தாள். அன்றைக்கு அழவில்லை, திட்டவும் இல்லை. "வலி எடுத்துடுச்சாம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி அவர் ஸ்கூட்டரில் ரெட்டியார்பாளையத்திலிருந்து தடுப்புக்குப் போனேன். வழியிலேயே தனத்துக்குச் சொல்லிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் துணிப் பையோடு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஓடி வந்திருக்கிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது.

தடுப்பில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். தூக்கம் இல்லாத கண், கழுத்தில் தொங்கும் மாஸ்க்.

"அத்தியாவசிய வேலைன்னு குடுத்திருக்கிற பட்டியல்ல வீட்டு வேலை இல்லம்மா" என்றார்.

"வீட்டு வேலை இல்ல சார். படுத்த படுக்கையா இருக்கிறவங்கள பாத்துக்கிற வேலை."

"அப்ப வீட்டுல இருக்கிறவங்க பாத்துக்கட்டும்."

"வீட்டுல யாரும் இல்ல சார்."

"பொம்பளைங்க யாராச்சும் இருப்பாங்கல்ல?"

ஒரு மனிதரை எப்படித் திட்டுவது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இது அவருடைய சொந்தக் கேள்வி இல்லை. பட்டியல் போட்டவர்களின் மனதிலும் இதுதான் இருந்திருக்கும். எல்லா வீட்டிலும் எப்போதும் ஒரு பெண் இருப்பாள், தண்ணீர்க் குழாய் மாதிரி, திறந்தால் வரும். ஊர் மூடினாலும் அவள் மூட மாட்டாள். அதனால் அவளைப் பட்டியலில் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

செல்வியின் மகளைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நெருங்குன சொந்தம்னா அவசரத்துக்கு விடலாம்னு இருக்கு. இவங்க அந்தம்மாவோட மருமகள்னு சொல்லுங்க. மருமகள்னா நான் இப்பவே விட்டுடறேன். எனக்கும் பொண்ணு இருக்குமா."

தனம் என்னைப் பார்த்தாள். "சொல்லிடலாம்க்கா. எப்பிடியும் மருமக செய்ய வேண்டியதத்தான செய்யறோம்."

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி எழுந்தாள். "அப்ப நானு யாருன்னு சொல்லட்டும்? நான் பாக்கிற தாத்தாவுக்குக் கல்யாணமே ஆவல." ஒருத்தி சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

அந்த ஒரு நிமிஷம் இன்னும் எனக்குள் கனமாகத்தான் இருக்கிறது. மருமகள் என்று ஒருத்தியை உள்ளே விட்டால், இத்தனை நாள் வெயிலில் உட்கார்ந்து கேட்டது என்ன ஆகும்? நாங்கள் வேலைக்காரர்கள், எங்களை வேலைக்காரர்களாகவே உள்ளே விடு என்று கேட்டுவிட்டு, முதல் ஆளையே சொந்தக்காரியாக அனுப்புவதா? ஆனால் அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருக்கிறாள். கொள்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வலி காத்திருக்காது. "மருமகதான் சார்" என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். இதில் என்னோடு சண்டை போட நினைப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

அதிகாரி உள்ளே விடுகிற பாஸை எடுத்தார். அதற்குள் அவருக்கு மேலே உள்ளவர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, என்ன கூட்டம் என்று கேட்டார். மருமகள் விஷயத்தைச் சொன்னதும், "அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு கேட்டுக்குங்க" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து நான் எல்லோரிடமும் பேசியிருந்தேன். செல்வியிடம், தனத்திடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், பாரீஸில் இருந்த மகனிடம்கூட. யாருடைய கட்டிலைச் சுற்றி இவ்வளவும் நடக்கிறதோ அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மட்டும் இல்லை, எவரும் பேசவில்லை.

செல்வி போனை எடுத்து மதாம் காதில் வைத்திருக்க வேண்டும். மூச்சுச் சத்தம் கேட்டது.

"அம்மா, தனம்ங்கிறவங்க உங்க மருமகளா?" என்று கேட்டார் அதிகாரி. ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார்.

"இல்ல" என்றது குரல். பக்கவாதத்தில் இழுத்துப் பேசினாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. வகுப்பு எடுத்த குரல் அல்லவா. "என் மருமக பாரீஸ்ல இருக்கா. என்னத் தூக்கி உக்கார வெச்சதே இல்ல. தனம் என்னப் பாத்துக்கிற வேலை செய்றாங்க. வேலை. நான் சம்பளம் குடுக்கிறேன்."

மேலதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அதிகாரி பாஸை மேஜைக்குள் வைத்தார். "ஒரே ஒரு ஆமா சொல்லிருக்கலாம்மா அவங்க" என்றார் என்னிடம். எனக்கு மதாம் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. தனம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழி இல்லை. டவுனுக்குள் கட்டில் இல்லாமல் சும்மா இருந்த ஒரே பெண் நான்தான். என்னைப் போல் அறுபது தாண்டியவர்கள் வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். என் வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு. நான் அந்த வீட்டுக்குள் போனால், வெளியே வந்த பிறகும் இரண்டு வாரம் போல அவர் பக்கத்தில் போகக் கூடாது. அவருக்குப் போன் செய்தேன்.

"நீ போயிட்டா எனக்கு மாத்திர யாரு எடுத்துக் குடுப்பா?" என்றார்.

"டப்பா மேல காலை, ராத்திரின்னு ஒட்டியிருக்கேன். படிக்கத் தெரியுமில்ல உங்களுக்கு?"

அவர் டப்பாவைத் தேடி எடுக்கிற சத்தம் கேட்டது. "மூச்சுக்கு அடிக்கிற பம்பு எங்க வெச்சிருக்க?" என்றார். தலைமாட்டிலேயே இருக்கிறது என்றேன். அவருக்குச் சோறு கொடுக்கப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டேன். பாருங்கள், நான் நகர்ந்தேன், நான் இருந்த இடத்துக்கு இன்னொரு பெண். அவள் வீட்டில் அவளுடைய வேலை யார் தலையில் விழுந்ததோ, நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மிஷன் வீதி வீட்டுக்கு நான் போனபோது செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. மதாமும் "போ, போ" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். இவள் போகவில்லை. கைகழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். செல்வி மதாமின் வலது கையை எடுத்து என் கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. படியில் இறங்கி ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், பெண் குழந்தை, இருவரும் நலம். ஆனால் அந்தப் பெண் தனியாகக் கிடந்துதான் பெற்றாள். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு சொந்தம் இல்லை. செல்வியைக் கண்டதும் மகள் சொன்னாளாம், "ஏம்மா வந்த, அங்கயே இருந்திருக்கலாமே" என்று. இதைச் செல்வி எனக்குப் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அன்று முழுக்க நான் மதாமிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. கஞ்சி கொடுத்தேன், வாய் துடைத்தேன். அடுத்த நாள் அவராகவே ஆரம்பித்தார்.

"நான் பொய் சொல்லணும்னு எதிர்பார்த்தீங்க."

"ஆமா மதாம்."

"யாரும் எங்கிட்ட கேக்கலயே. கேட்டிருந்தா சொல்லிருப்பேனோ என்னவோ. அந்தப் பொண்ணுக்கு வலின்னு எனக்குத் தெரியும். ஆனா எம் பையன எனக்கு அதவிட நல்லாத் தெரியும். இன்னிக்கி பாஸுக்காக மருமகள்னா, நாளைக்கு மருமகளுக்கு எதுக்கு சம்பளம், எதுக்கு லீவுன்னுவான். இப்பவே குடும்பத்துல ஒருத்தின்னுதான் சொல்றான்."

'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்றால் எனக்குப் பயம் என்று சொன்னேனே, அதை அந்த அம்மா கட்டிலில் கிடந்தபடியே என்னைவிடத் தெளிவாகப் பார்த்திருந்தார். அதற்காகச் செல்வி இழந்தது திரும்பி வரவா போகிறது? இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

அந்த நாட்கள் மோசமானவை. தொண்டையில் லேசாகக் கரகரத்தாலும் போச்சு, மதாமுக்கும் ஒட்டவைத்துவிட்டேன் என்று பயம். வீட்டிலிருந்து போன் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். முதுகு வேறு. மதாமைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்குள் எனக்குக் கண் இருட்டும்.

ஒரு நாள் அப்படி மாற்றிவிட்டு மூச்சு வாங்க நின்றபோது ஒன்று தோன்றியது. இந்த முறை முதலில் அவரிடம் கேட்டேன். "மதாம், உங்க பையனுக்கு வீடியோ கால் போட்டு, உங்களத் தூக்கி வெக்கிறத ஒரு தடவ முழுசாக் காட்டலாமா? பேச்சு வேணாம். பாக்கட்டும்."

அவர் யோசித்தார். "என்ன காட்டலாம், என்ன காட்டக் கூடாதுன்னு நான் சொல்றேன். குளிக்கிறது கூடாது. தல வாரிவிடுங்க முதல்ல."

காட்டினோம். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நான் தூக்கினேன். பாதியில் என் முழங்கால் மடங்கியது, அவரை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மகன் அங்கிருந்து "மமோன், மமோன்" என்று பிரெஞ்சில் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினான். உட்கார வைத்த பிறகு மதாம் போனைப் பார்த்து, "பாத்தியா? இத தெனமும் யாராச்சும் செய்யணும். அதிகாரிங்ககிட்ட பேசி அவங்கள உள்ள விடச் சொல்லு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

உள்ளே அடைபட்டிருந்த மற்றப் பெண்களுக்கும் சொன்னேன், அவரவர் நோயாளியைக் கேட்டு, சம்மதித்தால் மட்டும் காட்டுங்கள் என்று. சிலர் சம்மதித்தார்கள். சிலர் மானம் போகும் என்று மறுத்தார்கள், அவர்களை விட்டுவிட்டோம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகாரிகளுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். தடுப்பில் நம் பெண்கள் உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். ஒரு வழியாகப் பாஸ் வந்தது. பிள்ளைகள் பேசியதால் வந்தது என்பார்கள் சிலர், நாங்கள் வெயிலில் காய்ந்ததால் வந்தது என்பாள் தனம். இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் வந்திருக்காது என்பது என் கட்சி. பாஸில் 'பராமரிப்புப் பணியாளர்' என்று போட்டிருந்தது. மருமகள் என்று இல்லை.

முதலில் தனம்தான் வந்தாள். என் கையிலிருந்து மதாமின் கையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், பின்கட்டில் தனியாக இருந்து, நாள் கழிந்த பிறகு வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாத்திரையில் பாதி அப்படியே இருந்தது. திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

செல்வி திரும்ப மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பேத்திக்குப் பேர் வைத்து முடித்துவிட்டு அவளுடைய முறைக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு என்ன ஆகுமோ என்று நானும் போய் நின்றேன். பாஸை மதாமின் மேஜை மேல் வைத்தாள். தனத்திடமிருந்து கையை வாங்கினாள். வெந்நீர் வைத்தாள், துண்டை விரித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டன.

மதாம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கோவமா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் செல்வி. "நீங்க ஒரு வார்த்த மாத்திச் சொல்லிருந்தா எம் பொண்ணு தனியாக் கெடந்து பெத்திருக்க மாட்டா."

"தெரியும். அந்தக் கோவம் போவாது, அதுவும் எனக்குத் தெரியும்."

செல்வி சொம்பை எடுத்தாள். மதாம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "கோவமாவே குளிப்பாட்டு. சூடு மட்டும் பாத்துக்க."

நம்மைப் பற்றிப் பேசுகிறவர்கள் அன்பு அன்பு என்பார்கள். அன்பு இருந்தால் நல்லது, நானும் பலர்மேல் வைத்திருக்கிறேன். ஆனால் நம் தொழிலை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். செல்வியின் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. அவள் மணிக்கட்டைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தாள், சுட்டது. பச்சைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி, மறுபடியும் நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் சொம்பை ஊற்றினாள்.